மாசமாக இருக்கும்போது உடம்பில் தடிப்பு வந்தால்

நான் பாம்பனில் அங்கன்வாடி டீச்சர். சில வருடங்களுக்கு முன் ஒரு பையனைச் சேர்த்தார்கள். ரயில் ஊதினால் எல்லாப் பிள்ளைகளும் வாசலுக்கு ஓடும். அவன் மட்டும் மணலைக் கிளறிக்கொண்டே இருப்பான். பிறவியிலேயே காது கேட்கவில்லை. அவன் அம்மாவிடம் பேசப் பேசத்தான் தெரிந்தது: இரண்டாம் மாதத்தில் லேசான காய்ச்சல், சிவப்புத் தடிப்பு, மூன்றே நாளில் மறைந்துவிட்டது. அம்மைதானே என்று வேப்பிலைத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள், யாரிடமும் சொல்லவில்லை. ருபெல்லா என்ற வைரஸ் தொற்றாக இருந்திருக்கும் என்றார் டாக்டர்.

ருபெல்லா தாயைப் பெரிதாகப் படுத்தாது. ஆனால் முதல் 12 வாரத்தில் வந்தால் குழந்தையின் காது, கண், இதயம், மூளை எதையும் தாக்கலாம். 1941-லேயே ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் இதைக் கவனித்துச் சொல்லிவிட்டார்.

அதனால் கல்யாணம் பேசும்போதே தடுப்பூசியை விசாரியுங்கள். 2017-ல் பள்ளிகளில் தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டார்கள். அதைத் தவறவிட்டவர்கள் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டு, கருத்தரிக்க ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். கர்ப்பமான பிறகு இந்த ஊசி கூடாது.

தடிப்பு வந்தால் அன்றைக்கே நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணுங்கள். காய்ச்சல் என்று தொடங்கியது, எத்தனையாவது வாரம் என்று குறித்து வையுங்கள். நேராகப் போய் மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்காராதீர்கள், அவர்களுக்கும் தொற்றும். அம்மைக்கு ஆஸ்பத்திரி போகக் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். வேப்பிலையும் கட்டுங்கள், கும்பிடவும் செய்யுங்கள், போனையும் பண்ணுங்கள். பக்கத்து வீட்டில் சின்னம்மை என்றாலும், உங்களுக்கு முன்பு வந்ததில்லை என்றால் உடனே சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் டாக்டர் செய்யக்கூடியது இருக்கிறது.

அப்புறம், மூத்த பிள்ளை மிச்சம் வைத்த சோற்றை நாமே வாயில் போட்டுக்கொள்வோம் இல்லையா, அந்தப் பழக்கத்தைக் கர்ப்ப காலத்தில் விட்டுவிடுங்கள். சைட்டோமெகலோ வைரஸ் சின்னப் பிள்ளைகளின் எச்சில், மூத்திரம் வழியாக வரும். அதுவும் காதைக் கெடுக்கும். மூக்கைத் துடைத்தாலும் துணி மாற்றினாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தண்ணீர்ப் பஞ்சத்தில் டிரம்மில் பிடித்து வைக்காமல் நமக்கு முடியாது. மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். டெங்குவையும், வயிற்றுப் பிள்ளையைத் தாக்கும் ஜிகா வைரஸையும் பரப்பும் கொசு அதில்தான் முட்டையிடும்.

பிள்ளை பிறந்ததும் காதுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பையனுக்குக் கண்டுபிடிக்கும்போது மூன்று வயது. முதல் மாதத்திலேயே பார்க்க வேண்டியது அது.