சி.டி.யில் தற்செயலாகத் தென்படும் நுரையீரல் முடிச்சு: அளப்பது எப்படி, மறுபடி எடுப்பது எப்போது

விபத்தில் அடிபட்டவருக்கு மார்பு சி.டி. எடுத்திருப்போம். எலும்பு முறிவைத் தேடப்போனால், ரிப்போர்ட்டின் கடைசியில் 'நாட்யூல்' (நுரையீரலில் சிறு முடிச்சு) என்று ஒரு வரி இருக்கும். "கட்டியா டாக்டர்?" என்பார் நோயாளி. அங்கே தடுமாறும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் முதலாண்டு பி.ஜி.க்களுக்கும்தான் இது. துணைக்கு, மார்புப் படங்களில் தேர்ந்த மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான ஃப்ளைஷ்னர் சொசைட்டியின் 2017 பரிந்துரை போதும். செயலிகள் எனக்கு ஒத்துவராது. அந்தப் பரிந்துரையின் அட்டவணையை அச்சிட்டு மேசையில் ஒட்டியிருக்கிறேன்.

முதலில், இவருக்கு அது பொருந்துமா என்று பாருங்கள். 35 வயதுக்குக் கீழானவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், நோய் எதிர்ப்புத் திறன் குன்றியவர்கள் ஆகியோருக்கு இது இல்லை. அப்புறம் பழைய சி.டி.யைக் கேளுங்கள். திட முடிச்சு (முழுக்க அடர்த்தியாகத் தெரிவது) 2 ஆண்டுகளாக அப்படியே இருந்தால் வேலை முடிந்தது.

அடுத்தது அளப்பது. நான் சறுக்கிய இடம் இது. நீளவாக்கில் மட்டும் அளந்து 7 மி.மீ. என்று எழுதி, புகைப்பழக்கமே இல்லாத ஒருவரை மறு சி.டி.க்கு வரச் சொல்லிவிட்டேன். அவர் பல நாள் தூங்கவில்லையாம். சீனியர் மறுபடி அளந்தார்: நீளம் 7, அகலம் 3, சராசரி 5. அவருக்கு மறு சி.டி.யே தேவையில்லை! ஆகவே ஒரே படத்தில் நீளம், அகலம் இரண்டையும் அளந்து, சராசரியை முழு மி.மீ.க்கு மாற்றுங்கள். லங் விண்டோவில் (நுரையீரல் தெளிவாகத் தெரியும் திரை அமைப்பில்), 1 மி.மீ. துண்டுகளில் அளக்க வேண்டும். 5 மி.மீ. துண்டுகளில் சிறு முடிச்சு மங்கிப்போகும். வாட்ஸ்அப்பில் வரும் ஃபிலிம் போட்டோவை வைத்து அளக்கவே கூடாது.

சரி, அளவு கிடைத்துவிட்டது. ஒற்றைத் திட முடிச்சு 6 மி.மீ.க்குக் கீழ் என்றால் விட்டுவிடலாம். புகைப்பவர், முடிச்சின் விளிம்பு முள்முள்ளாக இருப்பவர் என்றால் 12 மாதத்தில் ஒருமுறை பார்க்கலாம், கட்டாயமில்லை. 6 முதல் 8 வரை: 6–12 மாதத்தில் சி.டி. 8-க்கு மேல்: 3 மாதத்தில் சி.டி., பெட் சி.டி. (திசுவின் செயல்பாட்டைக் காட்டும் ஸ்கேன்) அல்லது பயாப்ஸி. கிரவுண்ட் கிளாஸ் முடிச்சு (பனிமூட்டம் போல மங்கலாகத் தெரிவது) மெதுவாக வளரும். 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் 6–12 மாதத்தில் பார்த்து, மறையாவிட்டால் 2 ஆண்டுக்கு ஒருமுறையாக 5 ஆண்டு வரை தொடர வேண்டும்.

பின்சேர்க்கை: வயிற்று சி.டி.யில் நுரையீரலின் அடிப்பகுதி மட்டும் தெரியும்போது என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். 6-க்குக் கீழ் என்றால் ஒன்றும் வேண்டாம். 6–8 என்றால் 3–12 மாதத்தில் முழு மார்பு சி.டி.; அதற்கு மேல் என்றால் உடனே.

"நம்மூரில் டி.பி.யாக இருக்காதா?" என்றார் இன்னொருவர். இருக்கலாம், பழைய டி.பி. தழும்பு இங்கே சாதாரணம். முழுக்கச் சுண்ணாம்பு படிந்த முடிச்சைத் தொடரவே வேண்டாம். ஆனால் காய்ச்சல், எடைக்குறைவு, சளி என்று வந்தவருக்கு அட்டவணையை எடுக்காதீர்கள்; சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.