இஸ்லா முஹேரெஸில் ஒரு நிதானமான நாள்: கடலும் நீண்ட மதியச் சாப்பாடும்

மெக்சிகோவின் கான்குனுக்கு முதன்முறையாகப் போகிறவர்கள் மாயன் இடிபாடு, குகைக்குளம், கடைத்தெரு என்று ஓடியே களைத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு நாளையாவது கடலுக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் ஒதுக்குங்கள். அதற்கு எனக்குப் பிடித்த இடம், எதிரே இருக்கும் இஸ்லா முஹேரெஸ் என்ற சின்னத் தீவு.

படி 1: காலையிலேயே படகு ஏறுங்கள்

புவெர்த்தோ ஹுவாரெஸ் துறையிலிருந்து சுமார் 20 நிமிடப் பயணம். முற்பகலில் கூட்டம் சேர்ந்துவிடும். அதற்கு முன்பே போய்விடுவது நல்லது. திரும்பிவரும் கடைசிப் படகின் நேரத்தை டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கையில் பெசோ இருக்கட்டும். டாலரும் வாங்குவார்கள், ஆனால் மாற்று விகிதம் அவர்கள் வைத்ததுதான். விலைப்பட்டியலில் பெசோவுக்கும் டாலர் குறியையே போடுவார்கள் என்பதால் தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம்.

படி 2: பிளாயா நோர்த்தேயில் இடம் பிடியுங்கள்

துறையில் இறங்கியதும் கால்ஃப் வண்டியை வாடகைக்குத் தருவதாக அழைப்பார்கள். இன்றைக்கு அது தேவையில்லை. பிளாயா நோர்த்தே என்ற வடமுனைக் கடற்கரைக்கு நடந்தே போகலாம். மெக்சிகோவில் கடற்கரை பொதுச்சொத்து. மணலில் துண்டு விரித்து உட்காரக் காசு தர வேண்டாம். நாற்காலியும் குடையும் வேண்டுமென்றால், உட்காரும் முன்பே வாடகையையும், அது சாப்பாட்டுக் கணக்கில் கழியுமா என்பதையும் கேளுங்கள்.

படி 3: கடலில் இறங்குங்கள்

இங்கே தண்ணீர் ஆழமில்லாமல் அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவர்களும் இடுப்பளவில் நின்று மகிழலாம். ஆனாலும் கொடியைப் பாருங்கள். சிவப்பு என்றால் இறங்கக் கூடாது. தீவின் கிழக்குக் கரையில் அலை முரட்டுத்தனமானது, அங்கே குளிக்க வேண்டாம். கோடைக்காலத்தில் சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி ஒதுங்குவதும் பெரும்பாலும் கிழக்குப் பக்கந்தான். அருகே பவளப்பாறைகள் இருப்பதால், அவற்றைக் கெடுக்கக்கூடிய வெயில்தடுப்புக் கிரீமை அப்பிக்கொள்வதைவிட முழுக்கைச் சட்டையோடு குளிப்பதே மேல்.

படி 4: சாப்பாட்டுக்கு அவசரப்படாதீர்கள்

இந்த நாளின் உயிரே இதுதான். மெக்சிகர்களின் முக்கிய உணவு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான். காலையில் பழங்களோடு நிறுத்திக்கொண்டு பசியைச் சேர்த்து வையுங்கள். முதலில் செவிச்சே: எலுமிச்சைச் சாற்றில் ஊறிய மீன் துண்டுகள், வெங்காயம், கொத்தமல்லி. பச்சை மீன் ஒத்துக்கொள்ளாது என்றால் நேரே டிகின் ஷிக் கேளுங்கள். அச்சியோத்தே என்ற சிவப்பு விதையின் விழுதையும் புளிப்பு ஆரஞ்சுச் சாற்றையும் தடவி, வாழையிலையில் பொதிந்து சுடும் மீன் இது. கான்குன் இருக்கும் யுகடான் தீபகற்பக் கரையோரத்தின் பெருமை. மீனைப் பிய்த்துச் சோளத்தோசை போன்ற தோர்த்தியாவில் வைத்து, மேலே எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள். மேசையில் இருக்கும் ஆபனேரோ மிளகாய்ச் சட்னியைத் துளி தொட்டுப் பாருங்கள். நம் ஊர்க் காரத்தில் பழகிய நாக்கையும் அது அழ வைக்கும். குடிக்க, செம்பருத்தி வகைப் பூவிதழில் செய்யும் ஹமைக்கா.

சைவர்கள் கவனிக்க: மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. ‘சின் மந்தேக்கா’, அதாவது கொழுப்பில்லாமல், என்று கேளுங்கள்.

சாப்பிட்டு முடித்தாலும் பில் தானாக வராது. விருந்தாளியை விரட்டுவது அங்கே மரியாதையல்ல. எழத் தோன்றும்போது ‘லா குவென்த்தா, போர் ஃபவோர்’ என்றால் போதும். பரிமாறியவருக்கு 10 முதல் 15 சதவீதம் கொடுங்கள், பில்லில் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு.

படி 5: மாலை

சூரியன் கடலில் இறங்குவதை பிளாயா நோர்த்தேயிலிருந்தே பார்க்கலாம். பிறகு ஹிதால்கோ தெருப் பக்கம் போய், தள்ளுவண்டியில் மார்க்கேசித்தா வாங்குங்கள்: மொறுமொறுப்பான சுருள் வேஃபர், உள்ளே துருவிய ‘எடம்’ (Edam) வகைப் பாலாடைக்கட்டி. கூடவே கஹேத்தா என்ற ஆட்டுப்பால் கேரமலையும் ஊற்றச் சொல்லுங்கள்.