இசைக் கல்லூரியில் பயின்றவரின் கலைக்குறிப்பை எழுதும் முறை

கச்சேரி நடத்தும் சபாவில் வாய்ப்புக் கேட்டாலும், இசை ஆசிரியர் பணிக்கு விண்ணப்பித்தாலும், இசைக் கல்லூரியில் பயின்றவரிடம் ஒரு பக்கத்தில் கலைக்குறிப்பு கேட்பார்கள். அதைப் படிப்பவர் சரிபார்க்கக்கூடிய செய்திகளால் மட்டுமே எழுதுங்கள்.

முதலில் கல்லூரி, படிப்பு, தேறிய ஆண்டு. அடுத்து, கல்லூரிக்கு வெளியே யாரிடம் எத்தனை ஆண்டுகள் பாடம் கேட்டீர்கள் என்பது. ஒரே ஒரு பயிலரங்கில் சந்தித்த வித்வானைக் குரு என்று எழுதிவிடக் கூடாது.

பட்டங்களைப் பிரித்து எழுதுவதில் மிகுந்த கவனம் வேண்டும். 'இசைமணி' என்பது சென்னைத் தமிழ் இசைக் கல்லூரியில் படித்துத் தேறிப் பெறுவது. சீர்காழி கோவிந்தராஜன் அவ்வாறு பெற்றவர். 'கலைமாமணி' தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்தின் வழியே அரசு அளிக்கும் விருது. இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கினால் இரண்டின் மதிப்பும் மங்கிவிடும்.

அகில இந்திய வானொலி கலைஞர்களுக்கு அளிக்கும் தரநிலை பி, பி ஹை, ஏ, டாப் என உயர்ந்து செல்வது. குரல் தேர்வு அல்லது வாத்தியத் தேர்வில் வென்று பெறுவதாகையால், அதற்குத் தனி மதிப்பு உண்டு. வாய்ப்பாட்டா, வாத்தியமா, எந்த ஆண்டில் பெற்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கச்சேரிகளைப் பொறுத்தவரை, 'நூற்றுக்கணக்கான மேடைகள்' என்பதைவிட, ஆண்டும் இடமும் குறித்த ஐந்து கச்சேரிகள் போதும். பக்கவாத்தியக் கலைஞராயின், யாருக்கு வாசித்தீர்கள் என்பதே உங்கள் வரலாறு.

நாகசுரமும் தவிலும் பயின்றவர்கள் தங்கள் உழைப்பைக் குறைத்தே எழுதுவதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. 'கோயிலில் பணி' என்ற இரண்டு சொற்களுக்குள், அதிகாலையில் பூபாளம், பௌளி ராகங்களை வாசித்தது, சுவாமி புறப்பாட்டில் மல்லாரி என்னும் நாகசுர இசை, தேரோட்டத்தில் தேர் மல்லாரி என ஒவ்வொரு சடங்குக்கும் உரியதை அறிந்து இரவெல்லாம் நின்று வாசித்தது அனைத்தும் மறைந்துபோகின்றன. எந்தக் கோயில், எந்தத் திருவிழா, எத்தனை ஆண்டுகள், எந்த மல்லாரிகள் பாடம் என்று விரித்து எழுதுங்கள். சபா மேடையில் ஏறாதவருக்கும் இது முழுமையான சாதனைப் பட்டியலே ஆகும்.

கற்பித்தலுக்கு ஒரு பத்தி போதும். மாணவர்கள் எழுதித் தேறிய தேர்வுகளைக் குறிப்பிடலாம். அழைப்பிதழ்களையும் வானொலி ஒப்பந்தக் கடிதங்களையும் ஒரு கோப்பில் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்து, மார்கழி விழா முடிந்த பின் ஆண்டுதோறும் குறிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள்.