ஒரே நாளில் சான் மரினோ: முதன்முறை போகிறவர்களுக்கு ஒரு திட்டம்

சுற்றிலும் இத்தாலி, நடுவில் 61 சதுர கிலோமீட்டரில் ஒரு தனிக் குடியரசு. அதுதான் சான் மரினோ. தலைநகரின் பெயரும் அதுவே. டிட்டானோ மலை உச்சியை ஒட்டி மதில்களுக்குள் அடங்கிய ஊர். சுமார் 4,000 பேர்தான் வசிக்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ இந்த ஊரையும் மலையையும் சேர்த்தே உலகப் பாரம்பரியப் பட்டியலில் எடுத்துக்கொண்டது.

இங்கே வருகிறவர்களில் பலர் மதியத்தை ஒட்டி வந்து சேர்கிறார்கள். கடைத்தெருவில் நடந்து, ஒரு கோபுரத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, இரண்டு மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். "அவ்வளவுதானா?" என்று கேட்பவர்களும் அவர்கள்தான். இந்த ஊரில் பார்க்க வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் அவற்றை எந்த வரிசையில், எந்த நேரத்தில் பார்க்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடும். கீழே உள்ள திட்டம் முழுக்க அதைச் சுற்றித்தான்.

படி 1: எந்த ஊரிலிருந்து கிளம்புவது?

சான் மரினோவில் விமான நிலையமும் கிடையாது, ஓடுகிற ரயிலும் கிடையாது. வாசல் ஒன்றுதான்: இத்தாலியின் ஏட்ரியாட்டிக் கடற்கரையில் இருக்கும் ரிமினி. அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

முந்தைய இரவு ரிமினியிலேயே தங்கினால் இந்த நாள் மிக இலகுவாகிவிடும். கடற்கரை ஊர் என்பதால் விடுதிகளுக்குக் குறைவே இல்லை. அடுத்தபடியாக போலோன்யா. அங்கிருந்து ரிமினிக்கு விரைவு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம், பிராந்திய ரயிலில் இன்னும் கொஞ்சம் கூடுதல். பிராந்திய ரயிலின் கட்டணம் கடைசி நேரத்தில் வாங்கினாலும் ஏறாது. ஆனால் காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை அருகே இருக்கும் சிறு இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்கக்கூடாது. குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. ஃபுளோரன்ஸ், வெனிஸ் நகரங்களிலிருந்தும் ஒரே நாளில் போய்வர முடியும். ஆனால் நாளின் பாதி ரயிலிலேயே போய்விடும், காலை வெளிச்சமும் கைவிட்டுப் போய்விடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 2: விசா, பணம், போன்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இத்தாலி வழியாகத்தான் போக முடியும், அதனால் ஷெங்கன் விசா வேண்டும். எல்லையில் யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை. ஆனாலும் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

பணம் யூரோதான். சான் மரினோ ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை என்றாலும் யூரோவைப் பயன்படுத்துகிறது, சொந்தமாக யூரோ நாணயங்களும் வெளியிடுகிறது. நாணயம் சேர்ப்பவர்கள் மீதிச் சில்லறையை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

ஒன்றியத்தில் இல்லை என்பது போனில்தான் உறைக்கும். ஐரோப்பா முழுக்கச் செல்லும் என்று வாங்கிய சிம் அல்லது ஈசிம் திட்டத்தில் சான் மரினோ இல்லாமல் இருக்கலாம். மலை ஏறியதும் போன் உள்ளூர் வலையமைப்பைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் தனியாக ஏறும். திட்டத்தின் நாடுகள் பட்டியலை முன்பே பாருங்கள், வரைபடத்தை ரிமினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மேலே போனதும் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். ஊர் அவ்வளவு சின்னது, வழி தவற வாய்ப்பில்லை.

படி 3: நாளைத் தேர்ந்தெடுப்பது

ஆகஸ்ட் நடுவில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும், கூட்டம் தாங்காது. மே, ஜூன், செப்டம்பர் மாதங்களில் ஒரு வார நாள் கிடைத்தால் அதுவே சிறந்தது.

கூட்டம் இருந்தாலும் பரவாயில்லை என்று போகத் தகுந்த மூன்று நாட்கள் உண்டு. இந்தக் குடியரசுக்கு ஒரே நேரத்தில் இரண்டு தலைவர்கள். 'கபித்தானி ரெஜெந்தி' எனப்படும் அவர்களின் பதவிக்காலம் ஆறே மாதம். ஏப்ரல் 1, அக்டோபர் 1 ஆகிய நாட்களில் புதியவர்கள் பதவியேற்கிறார்கள். 1243-லிருந்து தொடரும் முறை இது. அன்று தெருவில் ஊர்வலமும் இசையும் இருக்கும். அரசு மாளிகைக்குள் சுற்றிப் பார்ப்பது மட்டும் நடக்காமல் போகலாம். மூன்றாவது நாள் செப்டம்பர் 3. இந்தக் குடியரசை நிறுவியவர் என்று சொல்லப்படும் துறவி மரினுஸின் திருநாள், நாட்டின் தேசிய நாளும் அதுவே. அன்று குறுக்குவில் போட்டி நடக்கும்.

குளிர்காலத்தில் மேலே மூடுபனி சூழ்ந்தால் கைக்கெட்டும் தூரத்துக் கோபுரம்கூடத் தெரியாது. கிளம்பும் முன் மலையின் வானிலையைப் பாருங்கள். கீழே ரிமினியில் வெயில் அடிப்பதை நம்பி முடிவு செய்ய வேண்டாம்.

படி 4: திரும்பும் பஸ்ஸை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்

திட்டமிடல் இங்கேதான் உண்மையில் தொடங்குகிறது. பஸ் நேரங்கள் பருவத்துக்குப் பருவம் மாறும், ஞாயிறு, விடுமுறை நாட்களில் குறையும். அதனால் முதலில் கடைசி பஸ்ஸைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முந்தைய பஸ்தான் உங்கள் பஸ். கடைசி பஸ் அவசரத்துக்கு மட்டும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வந்தால் சதுக்கத்துக்கு எவ்வளவு, மலைமுகட்டுக்கு எவ்வளவு என்பது தானாக அமைந்துவிடும்.

போகும்போது காலையில் கிடைக்கும் முதல் அல்லது இரண்டாம் பஸ். ரிமினி ரயில் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தம் இருக்கிறது. கோடையில் வரிசை நீளும், ஒரு இருபது நிமிடம் முன்னதாகவே நின்றுவிடுங்கள்.

புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பஸ் எல்லையைத் தாண்டும்போது சாலைக்கு மேலே வரவேற்பு வளைவு தெரியும், தொகானா என்ற ஊர் வரும். அடுத்து செரவாலே வரும். கட்டடங்கள், கடைகள், நெரிசல் எல்லாம் பார்த்து 'வந்துவிட்டோம்' என்று தோன்றும். இறங்க வேண்டாம். இந்த நாட்டில் தலைநகரைவிடப் பெரிய ஊர்கள் அடிவாரத்தில்தான் இருக்கின்றன. தலைநகர் இன்னும் மேலே.

நேராக மேலே போகலாம். நான் சொல்வது வேறு: போர்கோ மஜோரேயில் இறங்கி, அங்கிருந்து கேபிள் காரில் ஏறுங்கள். இரண்டே நிமிடப் பயணம்தான். ஆனால் பாறைச்சுவர் கண்ணுக்கு எதிரே செங்குத்தாக எழும்போதுதான், இத்தனை சிறிய ஊர் இத்தனை நூற்றாண்டு எப்படித் தாக்குப்பிடித்தது என்பது புரியும். கேபிள் கார் பராமரிப்புக்காக மூடியிருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: காலை முழுக்க மலைமுகடு

மேலே வந்ததும் கடைத்தெரு இழுக்கும். நின்றுவிடாமல் முதல் கோபுரத்தை நோக்கி நடந்துவிடுங்கள்.

காரணம் வெளிச்சம். டிட்டானோ மலையின் கிழக்குப் பக்கம் நேர்ச்செங்குத்தான பாறை, மேற்குப் பக்கம் சரிவு. ஊர் இருப்பது சரிவில். காலைச் சூரியன் கடல் பக்கமிருந்து வந்து பாறைமேல் நேராக விழும். மதியத்துக்குப் பிறகு பாறை நிழலுக்குள் போய்விடும். மூன்று கோபுரங்களும் அந்தப் பாறை விளிம்பில்தான் வரிசையாக நிற்கின்றன.

முதலாவது குவைட்டா, மூன்றில் மூத்தது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 20-ஆம் நூற்றாண்டிலும் இதன் அறைகள் சிறையாக இருந்தன. உள்கோபுரத்தின் உச்சிக்கு ஏணி மாதிரியான செங்குத்துப் படி, மேலே குறுகலான திறப்பு. முதுகுப்பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொண்டால்தான் சுலபமாக நுழையலாம். மேலேயிருந்து இறங்குபவருக்கு வழிவிட்டு ஒவ்வொருவராக ஏற வேண்டும். சிறு குழந்தைகளோடு போகிறவர்கள் இந்த ஏணியை விட்டுவிட்டு, மதில் ஓரத்தில் நின்றே கடலைப் பார்க்கலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அதுவே நல்லது.

குவைட்டாவிலிருந்து இரண்டாம் கோபுரத்துக்குப் போகும் கல்பாதை இந்த நாளின் சிறந்த பகுதி. ஒரு கை தூரத்தில் கைப்பிடிச்சுவர், அதற்கப்பால் வெறும் காற்று, கீழே வயல்களும் தூரத்தில் ரிமினியும் ஏட்ரியாட்டிக்கும். இங்கே வேகமாக நடக்காதீர்கள். இரண்டாவது கோபுரமான செஸ்டாவை நெருங்கியதும் திரும்பிப் பாருங்கள். சுவரொட்டிகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சான் மரினோ படம், பாறை விளிம்பில் குவைட்டா தொங்குவதுபோல் நிற்கும் அந்தக் காட்சி, இங்கிருந்து எடுத்ததுதான்.

செஸ்டா இருப்பது மலையின் உச்சிப் புள்ளியில், சுமார் 740 மீட்டர் உயரம். உள்ளே பழைய ஆயுதங்களின் அருங்காட்சியகம். குவைட்டாவுக்கும் இதற்கும் சேர்த்து ஒரே டிக்கெட் கிடைக்கும், அதையே கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலானவர்கள் இங்கே திரும்பிவிடுவார்கள். நீங்கள் திரும்பாதீர்கள். மரங்களுக்கிடையே பாதை மூன்றாவது கோபுரமான மொண்டாலேவுக்குப் போகிறது. 14-ஆம் நூற்றாண்டின் ஒல்லியான கோபுரம். உள்ளே விடமாட்டார்கள். கதவே தரையிலிருந்து பல மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எதிரி எளிதில் நுழைய முடியாதபடி கட்டியது. கட்டணமில்லை, கூட்டமில்லை, உட்காரப் பாறைகள் உண்டு. கையில் பழமோ பிஸ்கட்டோ இருந்தால் இங்கே சாப்பிடலாம்.

வழுக்காத செருப்பு அல்லது ஷூ கட்டாயம். மழை பெய்திருந்தால் கல் வழுக்கும். முகட்டில் காற்று பலமாக அடிக்கும், கோடையிலும் மெல்லிய ஜாக்கெட் ஒன்று இருக்கட்டும்.

படி 6: சாப்பாடு

மதிய உணவுக்கு உணவகங்கள் சுமார் பன்னிரண்டிலிருந்து இரண்டு, இரண்டரை வரைதான் சமைக்கும். மூன்று மணிக்குப் போனால் காப்பியும் சாண்ட்விச்சும்தான் கிடைக்கும்.

இந்த வட்டாரத்தின் எளிய உணவு பியாதினா. நம் சப்பாத்தியைவிடச் சற்றுத் தடிமனான ரொட்டி, நடுவே பாலாடைக்கட்டியும் கீரையும் வைத்து மடித்துத் தருவார்கள். சைவர்களும் பன்றி உண்ணாதவர்களும் கவனிக்க வேண்டியது உள்ளே வைக்கும் பொருளை மட்டுமல்ல. பாரம்பரிய முறையில் மாவையே பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசைவார்கள். ஆலிவ் எண்ணெயில் பிசைந்ததும் பல கடைகளில் உண்டு. "அல்லோலியோ?" என்று கேட்டால் போதும், புரிந்துகொள்வார்கள். "சென்சா ஸ்த்ருத்தோ" என்றால் அந்தக் கொழுப்பு வேண்டாம் என்று அர்த்தம். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்புக்கு தோர்த்தா த்ரே மொந்தி. மெல்லிய வேஃபர் அடுக்குகளுக்கு நடுவே ஹேசல்நட் சாக்லேட் பூச்சு, ஓரம் முழுக்கக் கறுப்புச் சாக்லேட். பெட்டியாகவும் விற்கிறார்கள், வீட்டுக்கு வாங்கிப்போக இதைவிட நல்ல பொருள் இந்த ஊரில் இல்லை.

படி 7: மாலையில் சதுக்கம்

ஊர்ப் பக்கம் மேற்கு நோக்கியது என்பதால் பிற்பகல் வெயில் இப்போது இங்கே விழும். சுற்றுலாக் குழுக்களும் மெல்லக் கிளம்பத் தொடங்கியிருக்கும்.

பியாட்சா தெல்லா லிபர்த்தாவில் நிற்பது பலாட்சோ பப்ளிக்கோ, அரசு மாளிகை. பார்க்க இடைக்காலக் கட்டடம் மாதிரி இருந்தாலும் திறக்கப்பட்டது 1894-இல்தான். நாடாளுமன்றம் கூடுவது இதற்குள்தான். கோடை மாதங்களில் வாசலில் பச்சை, சிவப்புச் சீருடைக் காவலர்கள் மாறும் சடங்கு நடக்கும்.

கொஞ்சம் தள்ளி பசிலிக்கா. குடியரசை நிறுவியவர் என்று மரபு சொல்லும் கல்தச்சர் மரினுஸின் எச்சங்கள் இங்கே இருக்கின்றன. மரபுப்படி நிறுவிய ஆண்டு கி.பி. 301. தோளை மூடும் உடை தேவை. பக்கத்தில் இருக்கும் சிறிய சான் பியத்ரோ தேவாலயத்தைத் தவறவிடாதீர்கள். அங்கே பாறையிலேயே குடைந்த இரண்டு மாடங்கள் இருக்கின்றன. மரினுஸும் அவருடைய தோழர் லியோவும் படுத்த படுக்கைகள் என்று சொல்வார்கள்.

நேரம் இருந்தால், பழைய ரயில் சுரங்கத்துக்கு இறங்குங்கள். ரிமினியிலிருந்து இங்கே மின்சார ரயில் 1932-இல் வந்தது. பன்னிரண்டே ஆண்டுகள் ஓடி, 1944-இல் போரில் நின்றுபோனது. அந்த ஆண்டு குண்டுவீச்சுக்குப் பயந்து இத்தாலியிலிருந்து ஓடிவந்தவர்கள் அந்த ரயிலின் சுரங்கங்களில் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். நாட்டு மக்கள்தொகையைவிடப் பல மடங்கு அகதிகளை இந்தக் குட்டி நாடு உள்ளே விட்டது. நீலமும் வெள்ளையுமான பழைய ரயில் பெட்டி ஒன்றைப் புதுப்பித்து ஒரு சுரங்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். மூன்று கோபுரங்களுக்கு நிகராக இதையும் நான் மதிக்கிறேன்.

கடைத்தெருவுக்கு அரை மணி நேரம் போதும். வரி குறைவு என்ற பேச்சை நம்பி வாசனைத் திரவியமும் மதுவும் வாங்க வருகிறவர்கள் உண்டு. இத்தாலியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கண்ணாடிக்குள் வரிசையாக இருக்கும் கத்திகளும் பொம்மைத் துப்பாக்கிகளும் விமான நிலையத்தில் தொல்லை, அவற்றைத் தொடவே வேண்டாம்.

சுற்றுலா அலுவலகத்தில் 5 யூரோ வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் நினைவு முத்திரை பதிப்பார்கள். அது விசா அல்ல, சட்டப்படி எந்தத் தேவையும் இல்லை. நம் பாஸ்போர்ட்டில் பக்கங்கள் விசாக்களுக்கு வேண்டும், தேவையற்ற முத்திரையைப் பார்த்து யாராவது கேள்வி கேட்கவும் இடம் கொடுக்க வேண்டாம். குறிப்பேடு ஒன்றிலோ அஞ்சலட்டையிலோ பதித்துத் தரக் கேட்டுப் பாருங்கள்.

படி 8: இறங்குவது

பஸ் நிறுத்தம் மதிலுக்கு வெளியே, சதுக்கத்தைவிடத் தாழ்வில் இருக்கிறது. காலையில் கேபிள் காரில் ஏறியவர்கள் அந்த நிறுத்தத்தைப் பார்த்தே இருக்க மாட்டீர்கள், எனவே மாலை நடைக்கு முன்பே ஒருமுறை இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். குறித்துவைத்த பஸ்ஸுக்குக் கால் மணி நேரம் முன்னதாக அங்கே இருங்கள். ரிமினியில் அதே ரயில் நிலையத்தின் எதிரில் இறக்கிவிடுவார்கள். போலோன்யா திரும்புகிறவர்கள், பஸ் சாலை நெரிசலில் தாமதமாகலாம் என்று கருதி, ரயிலுக்கு குறைந்தது நாற்பது நிமிட இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள்.