போட்ல லைட் வெச்ச காம்பஸ் (திசைகாட்டி) மாத்தப்போறீங்களா? ஒயரை முறுக்கிடுங்க

ஃபைபர் போட்ல புது காம்பஸ் மாட்டும்போது நெறைய பேர் லைட்டுக்கு வர்ற ரெண்டு ஒயரையும் தனித்தனியா இழுத்துடறாங்க, டிசி கரண்ட் ஓடுற ஒயரை சுத்தி காந்தப்புலம் வரும்ங்க, அது காம்பஸ் கார்டையே (உள்ள சுத்துற, திசை போட்ட தட்டு) திருப்பிடும். ப்ளஸ்ஸையும் மைனஸையும் ஒண்ணா முறுக்கி கொண்டுபோனா ரெண்டோட காந்தப்புலமும் ஒண்ணை ஒண்ணு கேன்சல் பண்ணிடும். 12 வோல்ட் லைனுக்கு 1 ஆம்ப் ஃப்யூஸ் போதும். ஸ்க்ரூ பித்தளைதான், இரும்பு வேண்டவே வேண்டாம். ஸ்பீக்கர் இருந்தா (பாட்டு இல்லாம நம்மாளு போவானா) காம்பஸை விட்டு மூணடி தள்ளி வைங்க. மாட்டினதும் லைட்டை ஆன் ஆஃப் பண்ணி பாருங்க, கார்டு அசைஞ்சா ஒயர் போற வழி சரியில்ல. எல்இடி எரியலன்னா பதறாதீங்க, ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கும். சிவப்பு லைட்டா வாங்குங்க, இருட்டுல கண்ணு கூசாது.