குரூப்பில் பதில் இல்லையா? கோபப்படும் முன் இதைப் பாருங்கள்

"நாளைக்கு 8 மணிக்குக் கூட்டம்" என்று தேயிலைத் தோட்ட ஒபிஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் பாதிப் பேர் மூச்சே விடமாட்டார்கள். திமிர் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய மெசேஜின் 'தகவல்' பக்கத்தைத் திறந்தால், யாருக்குப் போய்ச் சேர்ந்தது, யார் வாசித்தார் என்பது பெயரும் நேரமுமாகத் தெரியும். குரூப்பில் எல்லோரும் வாசித்த பிறகுதான் டிக் நீலமாகும். தன் போனில் நீல டிக்கை நிறுத்தி வைத்திருப்பவரும் இதில் தப்ப முடியாது. அந்த செட்டிங் குரூப்புக்குச் செல்லாது.

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மலை மடிப்புக்குள் இருக்கும் சில டிவிசன்களில் (தோட்டப் பிரிவுகளில்) கவரேஜ் வந்து வந்து போகும். கொழுந்து நிறுக்கப் போனவர் மழைக்குப் பயந்து போனைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருப்பார். அவர் வாசிப்பது லயத்துக்கு, அதாவது தோட்டக் குடியிருப்புக்குத் திரும்பிய பிறகுதான்.

வாசித்தும் பேசாதவர்கள் வேறு ரகம். துரையும் (தோட்ட மேலாளர்) இருக்கிற குரூப்பில் எழுத்துப் பிழை விட்டால் மானம் போகுமே என்ற கூச்சம்தான் பலருக்கு. (நாலு வரி ஆங்கிலத்தில் அறிவித்தால் கூச்சம் இன்னும் கூடும்.) அப்படிக் கூச்சப்படுபவருக்குத் தனியாகக் குரல் பதிவு அனுப்புங்கள்: "அண்ணே, நாளைக்கு 8 மணிக்கு வந்துருவீங்கதானே?" அவர் கேட்டதும் மைக் அடையாளம் நீலமாகும். பதிலும் பெரும்பாலும் குரலாகவே வரும்.

அப்புறம், பெருவிரல் அடையாளத்தை (👍) மட்டும் தட்டிவிட்டுப் போகிறவர்கள். பார்த்துவிட்டார், அவ்வளவுதான், வருவதாக ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுக்கு முதல் நாள் மாலையே ஒரு போன் கோல் எடுத்துவிடுங்கள்.