நிலாவாரை டிஎல்சியில் வால் இழுத்த புள்ளிகள்: என் அனுபவம்

எங்கள் திருநெல்வேலிச் சீமை நிலாவாரைக்கு உலக மருந்து வணிகத்தில் டின்னவெலி சென்னா என்றே பெயர், அதனால் எம்.ஃபார்ம் ஆய்வுக்கு அதையே எடுத்தேன். டிஎல்சி (மெல்லடுக்கு நிறப்பிரிகை) என்பது, தகட்டில் வைத்த சாற்றுப் புள்ளியைக் கரைப்பான் மேலே இழுத்துச் சென்று அதிலுள்ள பொருள்களைப் பிரிக்கும் முறை. அதில் சிலிக்கா தகட்டில், நிலாவாரையின் மலமிளக்கிப் பொருளான சென்னோசைடின் புள்ளிகள் நீளமாக வால் இழுத்தன, சென்னோசைடு ஏ எது, பி எது என்று பிரிக்கவே முடியவில்லை. சாம்பிளை நீர்க்கச் செய்தும் வால் போகவில்லை. காரணம் மூலக்கூறிலேயே இருக்கிறது: சென்னோசைடில் இரண்டு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் உண்டு, அவை ஓரளவு அயனியாகிவிடுவதால் சிலிக்காவில் இழுபட்டுக்கொண்டே நகரும்.

அப்புறம் கரைப்பானாக புரோப்பனால், எத்தில் அசிடேட், நீர் 40:40:30 கலவையில், அயனியாவதை அடக்க 1 பங்கு கிளேசியல் (நீரற்ற) அசிட்டிக் அமிலம் சேர்த்து, தொட்டிக்குள் வடிதாள் வைத்து ஆவி நன்றாக நிறைந்தபின் ஓட்டினேன். புள்ளிகள் அழகாகப் பிரிந்து நின்றன! நைட்ரிக் அமிலம் தெளித்து 120 டிகிரியில் சூடாக்கி, ஆறியதும் ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தெளித்தால் செம்பழுப்பாகத் தெரியும். சாறு எடுக்கும்போது மட்டும் கொதிக்க விடாதீர்கள், சென்னோசைடு சிதைந்துவிடும்.